நூற்றுப்பதினேழு கரண்டி

தை மூன்றாம் நாள் காலை ஐந்து நாற்பதுக்கு மாடத்தி கொட்டிலின் தகரக் கதவைத் தள்ளித் திறந்தபோது, முந்தைய மாலை அவள் போட்டுவைத்த சோளத்தட்டை ஒரு தாள்கூடக் குறையாமல் கிடந்தது. பசு நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் கதவுச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பவில்லை. காது இரண்டும் தொங்கியிருந்தன. அந்த நேரத்தில் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும் தாடை அசையவில்லை.

கொட்டில் என்பது பெரிய சொல். தாராவித் தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பழைய பீப்பாய்களை வாங்கிக் கழுவி விற்கும் கிடங்கின் பக்கச் சுவரோடு சாய்த்து நிறுத்திய நான்கு தகரத் தகடுகள், அவ்வளவே. மாடத்தி குனிந்து உள்ளே போய்ப் பசுவின் இடது விலாவுக்குப் பின்னுள்ள குழியில் உள்ளங்கையை வைத்தாள். ஈரப்புல் அதிகமாகி வயிறு உப்பினால் அந்த இடம் தோல் இழுத்துக் கட்டியதுபோல் இறுகும், தட்டினால் ஒலிக்கும். அதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். இன்று ஒலிக்கவில்லை. முஷ்டியை வைத்து அழுத்தியபோது உள்ளே ஏதோ குடத்து நீர்போலத் தளும்பியது. தரையில் கிடந்த சாணம் சாம்பல் நிறத்தில் கூழாக இருந்தது. அதில் புளித்த வாடை. குச்சியால் கிளறிப் பார்த்தாள். முழுமுழுப் பருக்கைகள்.

அவளுடைய கை நின்றுவிட்டது. பசு ஐந்து மாதச் சினை.

மாடத்திக்கு நாற்பத்தாறு வயது. கணவர் இசக்கிராஜ் டெம்போ ஓட்டுநர். புனே, நாசிக் என்று போனால் திரும்ப மூன்று நாள் ஆகும். இன்றும் ஊரில் இல்லை. வாஷி காய்கறிச் சந்தையில் எட்டு ஆண்டுகள் பட்டாணி உரித்தும் கோஸ் கழித்தும் கூலி வேலை செய்தவள், பிறகு ஆறு ஆண்டுகள் இன்னொருவரின் பசுவை நாள்வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில் உட்கார்ந்தாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிடாரியாக வாங்கியதுதான் இந்தப் பூரணி. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, ஏறக்குறைய முந்நூறு கிலோ. மாடத்தியின் பெயரில் இருக்கும் ஒரே சொத்து.

கோயில் வாசல்களில் பசுவோடு உட்கார்ந்திருக்கும் பெண்களை மும்பையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அலுவலகத்துக்கு ஓடுகிறவர் நின்று ஒரு கட்டுப் புல்லை வாங்கிப் பசுவின் வாயருகே நீட்டுவார். முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பசு அன்றாடம் என்ன தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்பதை இப்படி நூறு பேருடைய பக்தி தீர்மானிக்கிறது. மற்றப் பெண்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மாடத்தி விடவில்லை.

அவள் கட்டும் கட்டு வெளியே பச்சையாக இருக்கும். பச்சையாக இல்லாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு நறுக்கிய சோளத்தட்டை இருக்கும். பச்சையை மட்டுமே தின்றால் பசு கழியும். தட்டை போனால்தான் மெல்லும், எச்சில் ஊறும், வயிறு நிதானப்படும். வைக்கோலை அவள் மழைக்காலத்துக்கு மட்டும் வைத்திருந்தாள். வைக்கோல் வயிற்றை அடைக்கும், உடம்பில் ஒட்டாது. காய்ந்த எடையில் நூற்றுக்கு நாலு பங்குகூடப் புரதம் தேறாது. தட்டை அதைவிட ஓரளவு மேல். ஆனால் வாஷி சந்தையில் மலையாகக் கொட்டிக் கிடக்கும் பட்டாணித் தோலில் தட்டையைப் போல மூன்று மடங்குக்கு மேல் புரதம் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் அவள் படித்ததில்லை. பட்டாணித் தோல் போட்ட மாதங்களில் பூரணியின் மயிர் பளபளத்ததையும், கரும்புச்சாற்றுக் கடைச் சக்கையை நம்பிய ஒரு கோடையில் விலா எலும்பு தெரிந்ததையும் பார்த்தவள் அவள். பூக்கோஸ் இலையில் சத்து உண்டு, தண்ணீரும் அதே அளவு உண்டு என்பதால் அதை ஒருநாள் வாடவிட்டுத்தான் போடுவாள்.

சோறும் சப்பாத்தியும் கொண்டுவருகிறவர்களிடம் அவளுக்கு ஒரு வழி இருந்தது. இரண்டு கையாலும் வாங்குவாள், பசுவின் உதட்டில் தொடுவாள், “சாமி கும்பிட்டுட்டு வாங்கம்மா, அதுக்குள்ள தின்னுரும்” என்பாள். அவர்கள் உள்ளே போனதும் சோறு வாளிக்குப் போய்விடும். ஒருநாளைக்கு இரண்டு கவளத்துக்கு மேல் சோறு பூரணியின் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

நேற்று இறங்கியது.

நேற்று மாட்டுப் பொங்கல். மாட்டுங்காத் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் முதல்முறையாகத் தன் மண்டபத்துக்குள்ளேயே பசு பூஜை வைத்தது. சங்கத்தின் செயலாளர் பிரம்மநாயகம் காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பம்பாயிலேயே பிறந்தவர். கோயில் வாசலில் மாடத்தி உட்கார்வதற்கு நிர்வாகத்திடம் பேசி இடம் வாங்கித் தந்ததும் அவர்தான். பூரணியை அழைத்துக்கொண்டு அவள் போனபோது அவர் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

“அண்ணாச்சி, பொங்கச் சோறு ரெண்டு கவளத்துக்கு மேல வேண்டாம். அதுக்கு வயிறு தாங்காது” என்றாள்.

“உன் மாடு என்ன சர்க்கரை வியாதிக்காரியா?” என்று அவர் சிரித்தார். “கவலைப்படாதே. நான் இருக்கேன்ல, ஒழுங்கா நடக்கும்.”

ஒழுங்காகத்தான் நடந்தது. குழப்பம் எங்கும் இல்லை. மாடத்தியைச் செருப்பு வைக்கும் இடத்தருகே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உள்ளே விரிப்பின் மேல் பூரணி நிற்க, பெண்கள் வரிசையில் வந்தார்கள். யாரும் கூடுதலாக ஊட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பிரம்மநாயகம் ஒரே அளவுக் கரண்டியைக் கையில் வைத்திருந்தார். குடும்பத்துக்கு ஒரு கரண்டி பொங்கல், அதற்கு மேல் இல்லை. கொடுத்தவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. ஒருவரையும் விட்டுவிடவில்லை, ஒருவருக்கும் இரண்டு முறை தரவில்லை. அந்த நியாயத்தின் மொத்த எடையை அவர் கூட்டிப் பார்க்கவில்லை.

ஜன்னல் வழியாக மாடத்தி பார்த்தாள். இருபதாவது ஆள்வரை எண்ணினாள். எழுந்து உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்திருக்கலாம். பட்டுப்புடவைகளின் வரிசை, வெள்ளை விரிப்பு, தன் காலில் கொட்டில் சேறு. வாசல் இடம் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பும் வந்தது. நாற்காலியிலேயே இருந்துவிட்டாள்.

இப்போது, காலை ஆறு பத்துக்கு, அதே பிரம்மநாயகத்துக்கு அவள் தொலைபேசினாள்.

“அண்ணாச்சி, மாடு தின்னமாட்டேங்கு. அசை போடல. கழிச்சல்ல பருக்கை கிடக்கு.”

“ஒரு கரண்டிதானே மாடத்தி. ஆளுக்கு ஒரு கரண்டி.”

“ஆளு எத்தனை அண்ணாச்சி?”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். வரமாட்டார் என்றே அவள் நினைத்தாள். ஏழு ஐம்பதுக்குச் சந்து முனையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் கால்நடை மருத்துவர் ஷ்யாமளா. பிரம்மநாயகத்தின் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்காரர். பின்னால் தோள்பையை மார்போடு அணைத்தபடி பிரம்மநாயகம் இறங்கினார். பையிலிருந்து முதலில் வெளியே வந்தது நேற்றைய பெயர்ப் பட்டியல்.

“நூத்துப்பதினேழு” என்றார் மருத்துவரிடம். மாடத்தியின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

ஷ்யாமளா பட்டியலைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். “ஒரு கரண்டி நூறு கிராம்னு வெச்சாலும் பத்துக் கிலோவுக்கு மேல. அதுல வெல்லம் வேற. நான் பத்து வருஷமா நாய், பூனைன்னு பாத்துண்டிருக்கேன். இருந்தாலும் இது தெரியறது. வயித்துல அமிலம் ஏறியிருக்கு.”

காதுக்குழலை இடது விலாவில் வைத்து இரண்டு நிமிடம் கேட்டார். நல்ல மாட்டின் வயிறு அதற்குள் இரண்டு மூன்று முறையாவது புரண்டு உறுமும். அவர் முகத்தைப் பார்த்தே மாடத்திக்குத் தெரிந்துவிட்டது. நாடி தொண்ணூற்றாறு.

முந்நூறு கிராம் சோடா உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் குழாய் வழியாக இறக்க வேண்டும். உப்பு இரண்டாவது வரிசையில் இட்லி வியாபாரம் செய்யும் வீட்டிலிருந்து வந்தது. பசு குழாயைக் கடிக்காமல் இருக்க வாய்க்குள் வைப்பதற்குப் பீப்பாய்க் கிடங்கிலிருந்து கனமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று வந்தது. எட்டரைக்குக் கரைசல் முழுவதும் உள்ளே போயிற்று. மருத்துவர் இரண்டு ஊசிகளும் போட்டார். ஒன்பதுக்கு நாடி தொண்ணூறு. அதற்குக் கீழே இறங்கவில்லை.

“அமிலத்தைக் கொஞ்சம் அடக்கியாச்சு” என்றார் ஷ்யாமளா, கையைக் கழுவியபடி. “ஆனா வயிறு வேலை செய்யலை. மாடத்தியம்மா, புல்லைச் செரிக்கிறது மாடு இல்லை. மாட்டு வயித்துக்குள்ள ஒரு பட்டறை இருக்கு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர் அதுல வேலை பாக்கறது. தட்டை, வைக்கோல்னு நாம தின்னா மலமாப் போறதையெல்லாம் அதுகள்தான் உடைச்சுச் சத்தாக்கித் தரது. நேத்துப் பொங்கல்ல பொங்கின அமிலத்துல அதுகள் செத்துப்போச்சு. இனிமே நீங்க எவ்வளவு நல்ல தீனி வெச்சாலும் அது உள்ள கிடந்து அழுகும்.”

“அப்ப என்னதான் செய்ய டாக்டரம்மா?”

“வேலையாட்களை வெளியிலேர்ந்து கொண்டுவரணும். ஆரோக்கியமான இன்னொரு மாட்டோட வயித்துத் தண்ணி, ஏழெட்டு லிட்டர். உயிரோட நிக்கற மாட்டுலேர்ந்து குழாய் போட்டு எடுத்தா ஒரு லிட்டர் கிடைக்கறதே கஷ்டம்.” அவர் பிரம்மநாயகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தணித்தார். “இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வேணும். படுத்துட்டான்னா எழுப்பறது சிரமம்.”

எங்கே கிடைக்கும் என்பதை மருத்துவர் வாயால் சொல்லவில்லை. மாடத்திக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் கரீம் பாட்சா, தேவ்னாரில் எருமை அறுக்கும் இடத்தில் குடல் கழுவும் வேலையில் இருப்பவர். அவரைக் கூப்பிட்டாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார்.

“வா யக்கா. பதினொண்ணுக்குள்ள வா. டாக்டர் கடுதாசி இருந்தா இங்க மேல இருக்கிற சாப் ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

ஷ்யாமளா தன் பெயர் அச்சிட்ட தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டார். இனி யார் பசுவோடு இருப்பது என்ற கேள்வி எழுந்தது. மருத்துவருக்குப் பத்து மணிக்கு ஓர் அறுவை சிகிச்சை, ஒன்றரைக்குத் திரும்பிவிடுவார். மாடத்தி பிரம்மநாயகத்தைப் பார்த்தாள்.

“நானா?” என்றார் அவர். “எனக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்?”

“படுக்க விடாதீக. அவ்வளவுதான். கால் மடக்கினா கயித்தைப் பிடிச்சு நாலு எட்டு நடத்துங்க. தண்ணி காட்டாதீக, எவ்வளவு கெஞ்சினாலும்.”

“கெஞ்சுமா?”

“கண்ணாலயே கெஞ்சும் அண்ணாச்சி.”

சயானிலிருந்து ரயிலில் குர்லா, குர்லாவில் படியேறி ஹார்பர் தடத்துக்கு மாறி, திலக்நகர், செம்பூர், கோவண்டி. மாடத்தி பத்து ஐம்பதுக்குத் தேவ்னார் வாசலில் நின்றாள். உள்ளே போன கடிதம் கால் மணி நேரம் கழித்தே திரும்பியது. கரீம் பாட்சா முழங்கால்வரை ரப்பர் காலணியோடு வெளியே வந்தார். கையில் எட்டு லிட்டர் கேன், சாக்கும் கம்பளியும் சுற்றியது.

“மூணு எருமையைப் பார்த்து நாலாவதுலதான் எடுத்தேன்” என்றார். “முதல் மூணும் தவிடும் பருத்திக்கொட்டையும் தின்னு வந்தது. தண்ணி சாம்பலா இருந்துச்சு. இது கடபா தின்ன உருப்படி. மேல தும்பு மிதக்கும், பழுப்புப் பச்சையா இருக்கும், வாடை புளிக்காது. உன் மாடு தட்டை தின்னுறதுதானே? அதுக்கு இதுதான் சேரும்.”

கடபா என்பது மராத்தியர் சோளத்தட்டைக்குச் சொல்லும் பெயர். மாடத்தி வியப்போடு அவரைப் பார்த்தாள். “ஒனக்கு எப்படித் தெரியும் தம்பி இதெல்லாம்?”

“முப்பது வருசமா கழுவிக் கழுவிச் சாக்கடையில ஊத்துதேன். எது என்ன தின்னுச்சுன்னு வயித்தைப் பாத்தா தெரியாதா? அதை மருந்துன்னு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான்.” கேனை அவள் இடுப்பில் ஏற்றினார். “கழுத்து வரைக்கும் நிரப்பியிருக்கேன். மூடியைத் திறந்துராத. காத்துப் பட்டாச் செத்துரும், சூடு ஆறினாலும் செத்துரும். ஓடு.”

ஓடத்தான் செய்தாள். கோவண்டியில் பதினொன்று நாற்பது வண்டி கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது வரும் ஒன்பது நிமிடமும் கேனை இடுப்போடு அணைத்து முந்தானையால் போர்த்திக்கொண்டு நின்றாள். பெண்கள் பெட்டியில் ஏறியதும் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார். கம்பளி வழியாக இலேசான சூடு வயிற்றில் பட்டது. அது இருக்கிறவரை பரவாயில்லை. செம்பூரில் தொலைபேசி அதிர்ந்தது.

“மாடத்தி, கால் மடக்கப் பாக்குது. முன்னங்கால்.” பிரம்மநாயகத்துக்கு மூச்சு வாங்கியது.

“நடத்துங்க.”

“இழுக்க இழுக்க வரமாட்டேங்குதே.”

“பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

அவர் தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டார். ‘பூரணி, அம்மா பூரணி, வா தாயி’ என்று அந்தக் கண்காணிப்பாளர்க் குரல் கெஞ்சுவது திலக்நகர் வரும்வரை அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

குர்லா நிலையத்து நடைமேம்பாலத்தில் பாதுகாப்புக் காவலர் ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். “க்யா ஹை இஸ்மே?” இதில் என்ன என்று கேட்டார்.

“தவா ஹை சாப். காய் கே லியே.” பசுவுக்கு மருந்து என்றாள்.

“கோல்.” திறக்கச் சொன்னார்.

மாடத்தி கேனைக் கீழே வைக்கவில்லை. மருத்துவரின் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். முழுதும் புரிந்ததா என்று அவள் அறியவில்லை. எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு பதினேழு. காவலர் குனிந்து மூடியருகே முகர்ந்தார், சட்டென்று நிமிர்ந்தார்.

“கித்னே மஹீனே கீ ஹை?” என்றார். அவர் கேட்டது சினை எத்தனை மாதம் என்று. கடிதத்தில் அதுவும் இருந்திருக்க வேண்டும்.

“பாஞ்ச்.” ஐந்து என்றாள்.

கடிதத்தை மடித்து அவள் கையில் வைத்து வழிவிட்டார். அவள் கேனை இறுக்கிப் பிடித்துப் படியிறங்கினாள்.

கொட்டிலை அடைந்தபோது மணி ஒன்று ஐந்து. பூரணி படுத்துவிட்டிருந்தது. பிரம்மநாயகத்தின் வெள்ளைச் சட்டை முழங்கைவரை சாணம். அவர் பசுவின் தோளுக்குத் தன் முதுகை முட்டுக்கொடுத்து, அது பக்கவாட்டில் சாய்ந்துவிடாதபடி தரையில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மருத்துவருக்கு முன்கூட்டியே அழைத்திருந்தார். ஷ்யாமளா அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“கிடைச்சுதா? என்ன மருந்து அது? எங்க வாங்கினே?” என்றார் பிரம்மநாயகம்.

மருந்து என்று சொல்லிவிட்டால் போதும். காவலரிடம் சொன்னாள், இவரிடமும் சொல்லலாம். சங்கம், கோயில் நிர்வாகம், வாசல் இடம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் பத்திரமாக இருந்தன. நேற்று நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்ததன் பலன் அவள் காலடியில் கிடந்தது.

“எருமை வயித்துத் தண்ணி அண்ணாச்சி. தேவ்னார்ல இன்னைக்குக் காலைல அறுத்தது.”

பிரம்மநாயகத்தின் முதுகு பசுவின் தோளிலிருந்து விலகியது. அவர் கேனைப் பார்த்தார். கம்பளியின் ஓரத்தில் ஒழுகிக் காய்ந்த பழுப்புக் கோட்டைப் பார்த்தார். அவருடையது வீட்டில் முட்டைகூட நுழையாத குடும்பம்.

“நேத்துதான் இதுக்குக் குங்குமம் வெச்சோம்” என்றார். “இன்னிக்கு இதோட வாய்ல...”

“நேரம் இல்லை சார்” என்றார் ஷ்யாமளா. “மாடத்தியம்மா தலையைப் பிடிக்கணும். நான் குழாயைப் பாத்துக்கணும், தப்பி நுரையீரலுக்குப் போனா அங்கேயே முடிஞ்சுடும். புனலைத் தூக்கிப் பிடிச்சு ஊத்த ஓர் ஆள் வேணும். கிடங்குலேர்ந்து யாரையாவது கூப்பிடறேளா?”

மாடத்தி பசுவின் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துக் கழுத்தை நிமிர்த்திவிட்டாள். அவருக்காகக் காத்திருக்கவில்லை. கிடங்குப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்க வாயெடுத்தபோது, பிரம்மநாயகம் எழுந்து கேனைச் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்தார்.

“எவ்வளவு உயரத்துல பிடிக்கணும்?” என்றார்.

“உங்க தலைக்கு மேல. மெதுவா, நுரை வராம” என்றார் ஷ்யாமளா.

மூடி திறந்ததும் வாடை எழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையைத் திருப்பவில்லை. ஆறு நிமிடத்தில் எட்டு லிட்டர் இறங்கியது. நடுவில் ஒருமுறை பசு திமிறியபோது புனல் ஆடி அவர் தோளில் வழிந்தது. அவர் புனலை மறுபடி நேராக்கிப் பிடித்தார். கேன் காலியானதும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சந்துக் குழாயடியில் போய் நெடுநேரம் கை கழுவினார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. இரண்டரைக்கு நாடி எண்பத்தெட்டு. மூன்றேகாலுக்குப் பூரணி பின்னங்காலை ஊன்றி எழ முயன்று தோற்றது. மூன்று நாற்பதுக்கு மாடத்தி வாலடியிலும் பிரம்மநாயகம் தோளிலுமாகத் தள்ள, எழுந்து நின்றது. நான்கு மணிக்கு மருத்துவர் விலாவில் காதுக்குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு தடவை புரண்டது. இலேசா” என்றார். “பாக்கலாம். கன்னு எப்படி இருக்குன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ரெண்டு நாள் தட்டை மட்டும், அதுவும் ஒரு பிடி ஒரு பிடியா. சோறுங்கற பேச்சே கூடாது.”

“பொங்கலும் சோறுதானே” என்றார் பிரம்மநாயகம் தரையைப் பார்த்தபடி. “அதுகூட நேத்துப் புரியலை எனக்கு. சங்கத்துல இதைச் சொல்லணும்.”

“எதை அண்ணாச்சி?” மாடத்தியின் குரல் தாழ்ந்திருந்தது. “தேவ்னார்த் தண்ணியையா?”

“நூத்துப்பதினேழு கரண்டியை முதல்ல சொல்றேன். அதைக் கேட்டு எவ்வளவு பேர் உக்காந்திருக்காங்களோ, அவங்ககிட்ட மிச்சத்தைச் சொல்றேன்.”

“எடம் போயிரும்.”

“போகலாம்” என்றார். பொய் சொல்லித் தேற்ற அவருக்குத் தெரியவில்லை. “நானும் கூடத்தான் போவேன்.”

ஐந்து மணிக்கு மருத்துவர் கிளம்பினார். பிரம்மநாயகம் கிளம்பவில்லை. வீட்டிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டு முறையும் “இன்னும் ஆகலை” என்று சொல்லி வைத்தார். கிடங்குக்காரர்கள் கொடுத்த கவிழ்த்த பீப்பாயில் அவர் உட்கார்ந்திருக்க, மாடத்தி பசுவின் முன்னால் குந்தியிருந்தாள். ஒரு பிடி தட்டையை நீட்டினாள். பூரணி முகர்ந்தது, எடுக்கவில்லை. அவள் கையை மடக்கிக்கொண்டாள். கரீம் பாட்சா வேலை முடிந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த பெரியவரைக் கண்டு வாசலிலேயே நின்று, கண்ணால் கேட்டார். மாடத்தி உதட்டைப் பிதுக்கினாள். அவர் போகாமல் சுவரோடு நின்றுகொண்டார்.

ஆறு மணி தாண்டி எட்டு நிமிடம். வெளிச்சம் தகரத்தின் விளிம்புக்கு ஏறிவிட்டிருந்தது.

“மாடத்தி” என்றார் பிரம்மநாயகம் திடீரென்று பீப்பாயிலிருந்து எழுந்து. “அது எதையோ மெல்லுது பார். யாரு குடுத்தா? டாக்டர் தட்டை தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னாரே.”

மாடத்தி திரும்பினாள். பசுவின் கழுத்துத் தோலுக்கு அடியில் ஏதோ உருண்டை கீழிருந்து மேலே ஏறி முடிந்த சுவடு இன்னும் அடங்கவில்லை. கீழ்த்தாடை இடப்பக்கம் போய் வந்தது. நின்றது. மறுபடியும் போய் வந்தது.

“யாரும் குடுக்கல அண்ணாச்சி” என்றாள். “அசை போடுது.”

வாசலில் கரீம் பாட்சா ஓர் அடி உள்ளே வைத்தார். மூன்று பேரும் அந்தத் தாடையையே பார்த்தார்கள். மாடத்தி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்றில் பூரணி விழுங்கியது. நல்ல மாடு மெல்லும் ஐம்பதில் இது பாதிகூட இல்லை. அவள் மூச்சை அடக்கினாள். நான்கு நொடி, ஐந்து, ஆறு. கழுத்தடியில் இன்னோர் உருண்டை மெல்ல ஏறியது.

மாடத்தி மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.